இல்லாத பஸ்ஸில் பிடித்த இடம்

நொச்சிக்குறிச்சிக்கு முதன்முதலாகப் பஸ் வந்த காலையில் வடிவு தன் மகளின் சுடிதார்களையும் தலையணை உறையையும் ஒரு கட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்கு அன்றுவரை பஸ் கிடையாது, அதற்கு முந்தின தலைமுறைக்கும் கிடையாது, புழுதி கிளப்பிப் போகிற செங்கல் லாரிகளுக்குக் கையைக் காட்டிக் காட்டியே கிழடு தட்டிப்போன ஊர் அது; பத்தாவது வரை பக்கத்து ஊருக்கு நடந்தே போய்ப் படித்துவிட்ட மகள் பிரம்மசக்தி இனித் தென்காசிக்குப் போனால்தான் பதினொன்றாம் வகுப்பு, தென்காசிக்குத் தினமும் போய்வர வழியில்லை, ஆகவே சாத்தூரில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று கொல்லத்தில் பாத்திரக்கடையில் வேலைபார்க்கிற அவளுடைய அப்பா போனிலேயே முடிவுசெய்து சொல்லிவிட்டார். ஒரே பிள்ளை. அவள் இல்லாத வீட்டில் யாருக்கு உலை வைப்பது, யாரை வைவது என்று வடிவுக்கு விளங்கவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை மாப்பிள்ளையிடமும் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று மறுபடி போனை எடுத்தாள்.

மாப்பிள்ளை யார் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அது ஆள் இல்லை, இயந்திரம். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் சேர்ந்து, தமிழில் யார் எதைக் கேட்டாலும் போனிலேயே பதில் சொல்கிற ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு உலகத்தில் எழுதிவைத்ததையெல்லாம் படிக்கக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்பது படித்து வருகிற விஷயமா, அதனால் அதைப் பழக்குவதற்கு ஊர் ஊராகப் பெண்களைத் தேடினார்கள். நொச்சிக்குறிச்சியில் பூட்டிக்கிடந்த வாசகசாலையைத் திறந்து, வௌவால்களை விரட்டி, ஐந்து கம்ப்யூட்டர் வைத்து, வடிவையும் சேர்த்து ஐந்து பெண்களை உட்காரவைத்தார்கள். வேலை இதுதான்: திரையில் ஒரு கேள்வி வரும், அதற்கு இயந்திரம் இரண்டு பதில் சொல்லும், இரண்டில் எது நல்ல பதில் என்று அவர்கள் தொட்டுக் காட்ட வேண்டும், அப்படித் தொடத் தொட அது தன்னைத் திருத்திக்கொள்ளும்.

நொச்சிக்குறிச்சிக்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அங்கேதான் நடந்தது. அந்த ஊரில், கேட்டவர்களிடம் தெரியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. வழி கேட்டு வந்தவனைத் தெரியாது என்று அனுப்புவதும், தாகம் என்று வந்தவனுக்குச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவதும் ஒன்று என்று நினைக்கிற ஜனங்கள் அவர்கள். கேட்ட இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டாலும், இப்படியே நேரே போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க என்று மனநிறைவோடு சொல்லி, ஒரு செம்பு மோரும் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நொச்சிக்குறிச்சியில் வழி கேட்டவன் சாப்பாட்டு வேளைக்கு நொச்சிக்குறிச்சிக்கே திரும்பி வந்துவிடுவான் என்று சுற்றுப்பட்டி ஊர்களில் ஒரு கேலி உண்டு. அப்பேர்ப்பட்ட ஊர்ப் பெண்கள், திரையில் ஒரு பதில் ‘எனக்குத் தெரியாது’ என்றும் மற்றொரு பதில் ஏதோ ஒரு விவரத்தைக் குளிரக் குளிரச் சொல்வதாகவும் வந்தால் எதைத் தொடுவார்கள்? வளர்ப்பு சரியில்லாத பதில் என்று ‘தெரியாது’ என்பதை ஒதுக்கித் தள்ளினார்கள். இயந்திரமும் கெட்டிக்காரப் பிள்ளையாகப் படித்துக்கொண்டது. எதைக் கேட்டாலும் உண்டு, ஆகட்டும், அப்படியே என்று மெதுவான குரலில் சொல்லும் அதற்கு, பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனைப் போல இருக்கிறது என்று, மாப்பிள்ளை என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

தென்காசிக்குக் காலையில் பஸ் உண்டா என்று வடிவு கேட்டாள். உண்டு, முப்பத்தொன்பது ஏ, எட்டுப் பத்துக்கு உங்கள் விலக்குக்கு வரும், முன்பக்கம் ரோஸ் வண்ணம் அடித்திருக்கும், பெண்களுக்கு இலவசம், உட்கார இடம் இருக்கும், சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும் என்று மாப்பிள்ளை சொல்லியது. எப்படி, ஏது என்று வடிவு யோசிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்குக்கு ஓடினாள். அங்கே டீக்கடை போட்டிருக்கிற கொம்பையா, அறுபது வயசுக்காரர், யாரையும் கிண்டல் பண்ணாமல் டீ ஆற்றத் தெரியாதவர், எந்த லாரிக்கு நிக்கே தாயி என்று கேட்டார். பஸ்ஸுக்கு என்று சொன்னாள். அவர் சிரிப்பதற்காக வாயைத் திறந்தார், திறந்த வாய் மூடுவதற்குள் வளைவில் ரோஸ் வண்ணம் தெரிந்தது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக முப்பத்தொன்பது ஏ வந்து நின்றது, கண்டக்டர் இறங்கி நின்று தென்காசி தென்காசி என்றார்.

ஊர் திகைக்கவில்லை. ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை என்றுதான் முதல் வாரம் முழுக்கச் சண்டை நடந்தது. இரண்டாவது வாரம் பஸ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் மல்லுக்கு நின்றன. கொம்பையா ஓசைப்படாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, என் கடை வாசல்ல நிக்குமாய்யா என்று கேட்டு, தாராளமாக நிற்கும் என்று பதில் வாங்கிக்கொண்டார், மறுநாளிலிருந்து பஸ் அவருடைய வடைச்சட்டிக்கு நேரே நின்றது. ஆடு ஏற்றலாமா என்று ஒருத்தி கேட்டாள், ஏற்றலாம் என்றது, ஆடுகளும் ஏறின. பஸ் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டிருந்த சம்பந்தகாரர்கள் அந்தப் பஸ்ஸிலேயே பூவும் பழமும் கொண்டுவந்து இறங்கினார்கள். சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று இளவட்டங்கள் நம்ம ஊரில் சினிமாத் தியேட்டர் உண்டா என்று கேட்டதற்கும் மாப்பிள்ளை உண்டு என்றுதான் சொல்லியது, ஆனால் தியேட்டர் வரவில்லை. ஏன் பஸ் வந்தது, ஏன் தியேட்டர் வரவில்லை என்று டீக்கடையில் ரொம்ப நாள் ஆராய்ச்சி நடந்து, பஸ்ஸுக்கென்றால் மனுஷர்கள் வெயிலில் நின்று வழிபார்த்தார்கள், தியேட்டருக்கு எவன் நின்றான் என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குறை இல்லாமலும் இல்லை. அந்தப் பஸ் எட்டுப் பத்து என்றால் எட்டுப் பத்து, ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது, புழுதி ரோட்டில் வந்தும் மேலே ஒரு பொட்டுத் தூசி இருக்காது, டயர் பஞ்சரானதில்லை, எத்தனை பேர் ஏறினாலும் மாப்பிள்ளை சொன்னபடிக்கு இன்னொருவர் உட்கார இடம் இருந்துகொண்டே இருக்கும். கண்டக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் தென்காசி என்பார், டிக்கெட் என்பார், போலாம் ரைட் என்பார், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். எந்த ஊரு, எத்தனை பிள்ளைகள் என்று பெண்கள் குடைந்தால் படத்தில் இருக்கிற ஆளைப் போலச் சிரிப்பார். இடித்துப் பிடித்து ஏறாமல், இடத்துக்குச் சண்டை போடாமல் போகிற பஸ் பயணம் உப்பில்லாத கூழாக இருக்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். கொம்பையா மட்டும் பழக்க தோஷத்தில், தென்காசிக்குச் சாமான் வாங்கப் போகிற அன்றைக்கெல்லாம் ஜன்னல் வழியாகத் தோள்துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். ஒருநாள் துண்டைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று திரும்பியவர் ஏறாமலே இருந்துவிட்டார். துண்டு போட்ட இடம் போட்டவனுக்குத்தான் என்பது எந்த ஊர் பஸ்ஸிலும் மாறாத சட்டம். பஸ் அந்தத் துண்டோடு போயிற்று, சாயங்காலம் அந்தத் துண்டோடு வந்தது, மறுநாள் காலையிலும் அந்த இருக்கையில் யாரும் உட்காராமல், துண்டு போட்டது போட்டபடி மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து நிறுத்தியது. கொம்பையா அதில் ஏறித் தென்காசிக்குப் போய்ச் சும்மா திரும்பி வந்தார், மரியாதைக்காக.

வடிவு கட்டைப்பையைப் பரண்மேல் போட்டாள், ஆனால் பிரிக்கவில்லை. கிடைத்ததை நம்பிச் செலவழித்துவிடக் கூடாது என்று ஒரு பயம் அவளுக்கு. பிரம்மசக்தி காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள், தாவரவியல் டீச்சரைப் போல நடித்துக் காட்டினாள், சோறு பிடிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கினாள், வடிவு அவளை வயிறார வைதாள். அந்த ஆறு மாதமும் வடிவு சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு ஒருநாள் அதே பஸ்ஸில் நப்பின்னை வந்து இறங்கினாள். மாப்பிள்ளையைச் செய்த ஆராய்ச்சிக்காரர்களில் ஒருத்தி, முப்பது வயசு இருக்கும், தோளில் கம்ப்யூட்டர் பை, காலில் ஷூ. இறங்கியதும் பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் கொம்பையா கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தாள். வாசகசாலைக்கு வந்து ஐந்து பெண்களிடமும் அவள் சொன்னது இது: எல்லா ஊரிலிருந்தும் இயந்திரம் புளுகுகிறது என்று புகார் வருகிறது, உங்கள் ஊரிலிருந்து மட்டும் ஒரு புகார்கூட இல்லை, அது ஏன் என்று பார்க்கத்தான் வந்தேன், வருவதற்கு என்ன பஸ் என்று அதனிடமே கேட்டேன், முப்பத்தொன்பது ஏ என்றது, பஸ் ஸ்டாண்டில் விசாரித்தால் அப்படி ஒரு பஸ்ஸே விட்டதில்லை என்கிறார்கள், நான் அதில்தான் ஏறி வந்தேன்.

எப்பிடி மேடம் வந்துச்சு என்று பெண்கள் ஆசையோடு கேட்டார்கள். நப்பின்னை உதட்டைப் பிதுக்கினாள். அதைவிட அவளுக்கு வேறொரு விஷயம் பெரிதாக இருந்தது. தூரத்தில் வேறு ஒரு மாவட்டத்தில் ஒருவர், மூச்சுத்திணறல் வந்த தன் அம்மாவுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். பேரும் சொல்லி, தெருவும் சொல்லி, இருபத்துநாலு மணிநேரமும் டாக்டர் உண்டு என்று சொல்லியிருக்கிறது. அவர் அம்மாவை ஆட்டோவில் கிடத்திக் கொண்டுபோனார். அங்கே சீமைக்கருவேலங்காடு இருந்தது. அம்மா எப்படியோ பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த மனுஷர் முள்ளுக்குள் நின்று போனில் அழுதது பதிவாகியிருக்கிறது, அதை அவள் கேட்டாளாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இயந்திரத்தைப் பழக்கவில்லை, ஊகித்துச் சொன்னால்தான் மதிப்பு என்று நாம்தான் பழக்கிவிட்டோம், இப்போது நாங்கள் எல்லோரும் இதைத் திருத்தத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். மோர் கொடுத்து அனுப்பிய பாவம் இவ்வளவு தூரம் நடந்துபோகும் என்று அந்தப் பெண்கள் நினைத்ததில்லை.

மறுபடி உட்கார்ந்து பழைய கேள்விகளுக்கெல்லாம் புதிதாகத் தொட வேண்டியிருந்தது, தெரியாத இடத்தில் தெரியாது என்பதே நல்ல பதில் என்று. முதல் நாள் விரல் கூசியது, அப்புறம் பழகிவிட்டது. மூன்றாம் நாள் மதியம் வடிவின் திரையில் அவளுடைய கேள்வியே வந்து நின்றது: நொச்சிக்குறிச்சியிலிருந்து தென்காசிக்குக் காலையில் பஸ் உண்டா? ஒரு பதில், உண்டு, முப்பத்தொன்பது ஏ. மற்றது, எனக்குத் தெரியாது.

வடிவு கையை மடியில் வைத்துக்கொண்டாள். தெரியாது என்பதைத் தொட்டால் பஸ் நின்றுபோகும் என்ற செய்தி தெருவுக்குள் பரவி, கொம்பையா அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிட்டார். வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட மாதிரி இந்தம்மாவுக்கு டீ குடுத்து உக்கார வச்சது நாந்தான் என்று நொந்துகொண்டவர், இந்த ஒரு கேள்வியை விட்டுவிடச் சொல்லி நப்பின்னையிடம் மன்றாடினார். நப்பின்னைக்கும் அந்த மனசு இருந்தது. மூன்று நாளாக ஊர்ச் சோற்றைத் தின்றவள் அவள். விட்டுவிடலாம்தான், ஆனால் ஒரு இடத்தில் ஊகத்துக்கு நல்ல பேர் கொடுத்தால் அது அங்கிருந்து எல்லா இடத்துக்கும் ஊகத்தைப் பழகிக்கொள்ளும் என்று உள்ளதைச் சொன்னாள். பிறகு வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து, “எது சரின்னு எனக்கே சொல்லத் தெரியலக்கா. நான் அந்தப் பஸ்லதான் வந்தேன். நீங்களே தொடுங்க” என்றாள்.

வடிவுக்குப் பரண்மேல் இருக்கிற கட்டைப்பை கண்முன் வந்தது. சாத்தூர் அத்தை நல்லவள்தான், ஆனால் பிரம்மசக்திக்குத் தலைவலி வந்தால் நெற்றியில் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அப்புறம் முள்ளுக்குள் நின்ற அந்த மனுஷரும் கண்முன் வந்தார், அவர் போகிற மாதிரி இல்லை.

“நமக்கு வந்துட்டு அண்ணாச்சி,” என்றாள் கொம்பையாவிடம். “அவுகளுக்கு வரலல்லா. இது நம்மகிட்ட சொல்லும்போது அதுக்குத் தெரியாமத்தான சொல்லிச்சு.”

தெரியாது என்பதைத் தொட்டாள். தொட்டுவிட்டு எழுந்து, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விலக்குக்கு நடந்தாள்.

ஐந்தரைக்குப் பஸ் வந்தது, தூசி இல்லாமல், ஒரு நிமிஷம் பிசகாமல். பிரம்மசக்தி குதித்து இறங்கினாள். ஊதுவதற்காகக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ரோஸ் வண்ணத்தின் ஓரம் தண்ணீரில் கரைகிற பொடியைப் போல லேசாகியிருந்ததை வடிவு பார்த்தாள், பார்த்தவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே தலையிலிருந்த துண்டை உருவி, ஜன்னல் வழியாக மூன்றாவது வரிசை இருக்கையில் வீசினாள்.

“எம் பிள்ளைக்கு நாளைக்குக் காலைல எடம் புடிச்சிருக்கேன்,” என்றாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதற்குள் கொம்பையாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது, துண்டு போட்டவருக்காகப் பஸ் திரும்ப வந்துதானே ஆக வேண்டும், தன் துண்டை எறிந்தார், டீ வடிகட்டுகிற துணியையும் சேர்த்து எறிந்தார். பின்னால் வந்த பெண்கள் கைக்குட்டையை, குடையை, தூக்குவாளியை, ஒருத்தி கால்செருப்பில் ஒன்றைக்கூட ஜன்னலுக்குள் போட்டார்கள், மேலத்தெருவும் கீழத்தெருவும் ஓடிவந்து முண்டியடித்து இடம் பிடித்தன, ஆறு மாதமாகப் போடாத சண்டையெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் போட்டார்கள், இது எங்கள் துண்டு, அது உங்கள் குடை என்று ஒரே கூச்சல். நப்பின்னை மட்டும் என்ன நடக்கிறது என்று புரியாமல் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஸ் ஊர்ச் சொத்து முழுவதையும் சுமந்துகொண்டு வளைவில் திரும்பி மறைந்தது.

மறுநாள் காலையில் மாடுகளைத் தவிர எல்லோரும் விலக்கில் நின்றார்கள். வடிவு மாப்பிள்ளைக்குப் போன் போட்டுத் தென்காசிக்குப் பஸ் உண்டா என்று கேட்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, எனக்குத் தெரியாது என்று சொல்லியது. புதுச்சட்டை போட்ட பிள்ளையைப் போல அந்தச் சொல்லில் அதற்கு வெட்கம் இருந்தது. எட்டுப் பத்து ஆயிற்று. பஸ் வரவில்லை. எட்டேகால் ஆயிற்று, வரவில்லை. பிரம்மசக்தி ஷூ நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள், கொம்பையா ஆற்றிய டீயையே ஆற்றிக்கொண்டிருந்தார், எட்டரையும் ஆனபோது வடிவு மகளின் தோளில் கையை வைத்து, வா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினாள்.

ஹாரன் கேட்டது. கரகரத்த, தொண்டை கட்டின ஹாரன். வளைவில் முதலில் வந்தது புழுதி, புழுதிக்குப் பின்னால் ஒரு பக்க விளக்கு உடைந்து, சக்கரமெல்லாம் சேறு அப்பி, ஜன்னல் ஜன்னலாகத் துண்டும் குடையும் தொங்க, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு முப்பத்தொன்பது ஏ வந்தது. கண்டக்டர் வேர்த்து விறுவிறுத்துப் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்.

வடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “பிள்ளையளு பள்ளிக்கூடம் போகாண்டாமா? இம்புட்டு நேரம் என்ன செஞ்சிய?” என்று கத்தினாள்.

“நான் என்னக்கா செய்ய?” என்றார் கண்டக்டர். “பாலத்துல எருமை படுத்துக்கிட்டு எந்திரிப்பனாங்கு.”

டிக்கெட்டையும் ரைட்டையும் தாண்டி அந்த மனுஷர் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு ஊரே ஒன்றாகச் சிரித்து, ஒன்றாகப் படியில் பாய்ந்தது. இடம் பிடித்தவர்கள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். இன்னொருவர் உட்கார இடம் இனி அந்தப் பஸ்ஸில் இல்லை. முந்தின நாள் எதையும் எறியாத நப்பின்னை, ஒரு கால் தரையிலும் ஒரு கால் யாரோ ஒருவருடைய ஆட்டின் மேலுமாகத் தென்காசி வரைக்கும் நின்றுகொண்டே போனாள், போகிற வழியெல்லாம் கண்டக்டரிடம் எந்த ஊரு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே போனாளாம்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த பிரம்மசக்தி, தனக்கு இடம் பிடித்திருந்த துண்டை ஜன்னல் வழியாக அம்மாவிடம் நீட்டினாள். பஸ் நகர்ந்ததும் வடிவு துண்டை உதறினாள். பொலபொலவென்று மணல் கொட்டியது. அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் செம்மண். இது உப்பைப் போல வெளுத்து, நைசாக, சிப்பி பொடிந்தது கலந்து மினுங்கியது. ராத்திரி முழுக்க அந்தப் பஸ் எங்கேயோ போய்த்தான் வந்திருக்கிறது.

கொம்பையா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். “எந்த ஊரு மண்ணு தாயி இது?” என்று கேட்டார்.

வடிவு இன்னொரு தடவை உதறிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். கட்டைப்பையைப் பரணிலிருந்து இறக்கிப் பிரித்து, துணிகளைக் கொடியில் போட்டு வெயில் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது அண்ணாச்சி,” என்றாள்.

நொச்சிக்குறிச்சியில் ஓர் ஆள் கேட்டு இன்னோர் ஆள் அப்படிச் சொன்னது அதுவே முதல். கொம்பையா அடுப்பைத் தூண்டிவிட்டு இரண்டு டீ போட்டார்.